விளக்கு வைக்கும் நேரத்தில் கூப்பிட்டால்

பசறையைத் தாண்டி மடுல்சீமை ஏற்றத்தில் ஏறியதுமே மூடுபனி இறங்கி வந்து வேனை மறித்துக்கொண்டது. காமில் வேகத்தைக் குறைத்தான். பின்சீட்டில் சாய்ந்திருந்த புவனேந்திரனுக்கு அது பிடிக்கவில்லை. வருவது யார் என்று தெரியாமல் வழியை மறிக்கிற எதன் மீதும் அவருக்குக் கோபம் வரும். பனியும் அதற்கு விலக்கில்லை.

"மெதுவாத்தான் போகணும் சேர். கீழ பாத்தா பள்ளம்."

"டொக்டர்," என்று திருத்தினார்.

"மன்னிச்சிக்குங்க டொக்டர். எனக்கும் கொஞ்ச நாளா முழங்கால் வலி டொக்டர்."

"நான் மனசுக்கு டொக்டர்."

"அப்ப முழங்கால் ஒங்க டிவிஷன் இல்ல," என்றான் காமில், மிகுந்த மரியாதையோடு.

பண்டாரவளைக் கடைத்தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம் புவனேந்திரனுடையது. கதவில் 'நான் என்பதை விடு' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், அவர் பெயரும், இணையத்தில் படித்து வாங்கிய பட்டமும், கன்னத்தில் விரல் வைத்த படமும். அகங்காரத்தைக் கரைப்பது எப்படி, நினைவைப் பெருக்குவது எப்படி, அடுத்தவர் மனத்தில் இடம்பிடிப்பது எப்படி என்று மூன்று பாடங்கள் நடத்துவார். முதல் பாடத்துக்கும் மூன்றாவது பாடத்துக்கும் ஒத்துப்போகாதே என்று இதுவரை யாரும் எழுந்து கேட்டதில்லை. கேட்பதற்குள் அவர் கதை சொல்லத் தொடங்கிவிடுவார்.

அந்தக் கதைதான் அவருடைய தொழிலுக்கே மூலதனம்.

ஊத்துமலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்த ஒரு பையன். ஒற்றை அறையில் மொத்தக் குடும்பம். அம்மா எதிர்மலையில் கொழுந்து பறிக்கிறாள். பையன் லயத்து வாசலில் நின்று பள்ளத்துக்கு மேலாக வாய்ப்பாட்டைக் கத்துகிறான். எழுத்துத் தெரியாத அம்மா அங்கேயிருந்து திரும்பக் கத்துகிறாள்: "கேக்கல சாமி, மறுபடி சொல்லு!" அவளுக்கு முதல் தடவையே கேட்டிருக்கும். மறுபடி சொன்னால் பிள்ளைக்கு மனத்தில் நிற்குமே என்றுதான். இந்த இடத்தில் புவனேந்திரன் நிறுத்துவார். "அந்தப் பையன் வேறு யாருமில்லை..." என்று இழுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் மண்டபம் கண்ணைத் துடைக்கும்.

கதையில் குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்.

அந்தப் பையன் வேறு யாரோ.

புவனேந்திரனின் அப்பா பண்டாரவளையில் சாமான்கடை வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. கிறீம் பிஸ்கட்டின் நடுவை நக்கிவிட்டு மற்றதைப் பூனைக்குப் போட்டு வளர்ந்த பிள்ளை. மேடையில் நின்று இதைச் சொல்லி யாரை அழவைப்பது? கடையின் பின்னறையில் கந்தப்பன் என்றொரு பையன் தங்கிப் படித்தான். ஊத்துமலையிலிருந்து வந்தவன், புவனேந்திரனுக்கு ஒத்த வயது. பாடம் முடிந்ததும் மூட்டை தூக்குவான். மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டு தன் அம்மாவைப் பற்றிச் சொல்வான். ஒரு தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனான். மழைக்கு மலை சரிந்தது. திரும்பி வரவில்லை.

பிறகு எத்தனையோ வருடம் கழித்து, முதல்முதல் மேடையேறி நாக்கு வறண்டு நின்றபோது அந்தக் கதை தானாகவே வந்தது. 'அவன்' இருந்த இடத்தில் 'நான்' ஒட்டிக்கொண்டது. கை தட்டினார்கள். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட கதை அது. சொல்லிச் சொல்லி இப்போதெல்லாம் அவருக்கே அந்த மலை ஞாபகம் வரும், அந்தக் குரல் காதில் விழும். இதைத் திருட்டு என்று அவர் நினைத்ததே இல்லை. திருட்டு என்றால் உடையவன் வந்து கேட்க வேண்டாமா?

ஊத்துமலைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காமல் இருந்தார். ஆனால் ஏதோ ஒரு சங்கம் 'மண்ணின் மைந்தன்' என்று பட்டம் தருகிறேன் என்றது. பிறந்த தோட்டத்திலேயே விழா, தொலைக்காட்சிக் கமராவும் வரும் என்றது. கமரா என்ற சொல்லுக்கு மேல் புவனேந்திரனின் காது எதையும் வாங்கவில்லை.

வேன் நின்றது.

"ரோட்டு ரெண்டாப் பிரியுது டொக்டர். எந்தப் பக்கம்? நீங்க பொறந்த எடம்தானே."

"எடது. வலப்பக்கம் மலையோட போயிருச்சு. எடப்பக்கம் வளைவுல ஒரு தண்ணி பீலி வரும், அதைத் தாண்டி ஏறணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே திக்கென்றது. அவர் இந்தப் பாதையில் வந்ததே கிடையாது.

வளைவில் பீலி இருந்தது. பாறையிடுக்கிலிருந்து தகரக் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஊரு கிட்ட வந்ததும் டொக்டர் பேச்சே மாறிடிச்சே," என்றான் காமில்.

"உள்ளுணர்வு," என்றார் புவனேந்திரன். புரியாத எதற்கும் ஒரு பெயர் வைத்துவிட்டால் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பது அவர் இரண்டாம் பாடத்தில் சொல்வது.

பாடசாலை மேட்டில் இருந்தது. மண்டபத்து முகப்பில் அவருடைய முகம் ஒரு ஆள் உயரத்துக்குத் தொங்கியது. படம் ஈரத்தில் நனைந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதிபர் யோகமலர் குடையோடு வந்தார். சாவகச்சேரியிலிருந்து மாற்றலாகி வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. மேடைப் பேச்சாளர்களைக் கண்டு கண்டு அவருடைய முகம் ஒரு மாதிரிக் காய்ப்பேறிவிட்டிருந்தது.

"வாங்கோ. உங்கட படம் காலமையே வந்திட்டுது. நீங்கள்தான் பிந்திப்போனியள்."

"பனி, அம்மா."

"நீங்கள் எந்த லயம் எண்டு சனம் கேக்குது. ஒருத்தருக்கும் ஞாபகமில்லையாம்."

"சின்ன வயசிலேயே வெளியேறிவிட்டோம்."

"அப்பிடியோ," என்றார் யோகமலர். அந்தச் சொல்லுக்குள் ஒரு ஆசிரியையின் முழுச் சேவைக்காலமும் இருந்தது.

தன் அறையில் உட்கார வைத்து வெறும் தேத்தண்ணீர் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே பனி விலகி விலகி மூடியது. எதிர்மலையில் தேயிலை இல்லாத ஒரு நீண்ட தழும்பு தெரிந்தது. உச்சியிலிருந்து அடிவரை புல் மட்டும்.

"ஒண்டு சொல்லவேணும்," என்றார் யோகமலர். "கூட்டம் இழுபட்டாலும் விளக்கு வைக்கிற நேரத்தில பேச்சை நிப்பாட்டிப் போடுங்கோ. அந்தச் சரிவுக்குள்ள போன பெடியன்ர தாய் இருக்கிறா. உடம்பு எடுக்கேல்லை. அதால காரியமும் செய்யேல்லை, படத்துக்கு மாலையும் போடேல்லை. ஒவ்வொரு நாளும் விளக்கை வைச்சிட்டு வாசல்ல நிண்டு அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவா. அந்த நேரம் லயத்தில ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை. ரேடியோ, போன், எல்லாம் நிப்பாட்டிப் போடுவினம்."

"ஏன்?"

"ஆரும் தவறிப் பதில் சொல்லிப்போடக் கூடாது எண்டு. ஒருக்கா ஆரோ ஒருத்தர் குடிவெறியில, பகிடிக்கு, 'இந்தா வாறன்' எண்டு சொன்னவராம்."

"சொன்னால்?"

"அதைக் கேட்டால் சொல்லமாட்டினம்."

புவனேந்திரன் புன்னகைத்தார். கிராமத்து மனம், கூட்டு நம்பிக்கை, செல்வாக்கு. இன்றைய பேச்சுக்கே ஒரு நல்ல உதாரணம் கிடைத்துவிட்டது. "அந்தப் பையன் பெயர்?"

"கந்தப்பன். தாய் பெரியாயி."

தேத்தண்ணீரில் மண்வாசனை அடித்தது. பெரிய மழைக்குப் பிறகு வருகிற, அடிமண்ணின் வாசனை. கோப்பையை வைத்துவிட்டார்.

மண்டபம் நிறைந்திருந்தது. மாணவர்கள் முன்னால், கொழுந்துக்காரிகள் பின்னால், வேலை முடிந்து கால் கழுவாமல் வந்தவர்கள் சுவரோரம். கமரா மூலையில் சிவப்புப் புள்ளியாக எரிந்தது. ஒலிபெருக்கியின் வாய் லயங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது, வராதவர்களும் தப்பிவிடக் கூடாது என்று. சங்கத்து ஆள் அவருடைய பட்டங்களைச் சொல்லி முடிக்கவே நேரமெடுத்தது. 'நான் என்பது வெறும் மாயை' என்று தொடங்கினார் புவனேந்திரன். அவர் பேச்சில் 'நான்' என்ற சொல்லைப் போல அடிக்கடி வருகிற சொல் வேறில்லை.

பிறகு கதைக்கு வந்தார். எதிர்மலை, அம்மா, வாய்ப்பாடு, மறுபடி சொல்லு. வழக்கம் போல நிறுத்தினார். கண்ணாடியில் கை வைத்தார்.

வாய் நிற்கவில்லை.

"ஏழெட்டுன்னு கத்துறேன்," என்றது வாய். "ஆத்தா பதில் சொல்லல. கங்காணி குறுக்க பூந்து, 'அம்பத்தி நாலுடா!'ங்கிறாரு. மலையே சிரிக்குது. அம்பத்தி ஆறு கங்காணின்னு நான் கத்துறேன். அன்னையில இருந்து அவருக்குப் பேரே அம்பத்தி நாலு."

சுவரோரம் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒரு கிழவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "அடேய், எங்க மாமனாருடா அது! இன்னிக்கும் எங்க வீட்டை அம்பத்தி நாலு வீடுன்னுதான் சொல்றானுங்க," என்றார் பக்கத்தில் நின்றவரிடம். "அந்தாளுக்கு இது எப்படிடா தெரியும்?"

கந்தப்பன் இதைச் சொல்லியிருப்பானா? சொல்லியிருக்கலாம். புவனேந்திரனுக்கு ஞாபகமில்லை. ஆனால் மண்டபம் இப்படித் தன் பக்கம் சாய்ந்ததை அவர் எந்த மேடையிலும் கண்டதில்லை. மார்பு விரிந்தது. வந்ததையெல்லாம் வரவிட்டார். லயத்தில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டிக்கு மனேஜர் துரையின் பெயரை வைத்தது. ஆத்தாவின் இடது கையில் கவ்வாத்துக் கத்தி வெட்டிய வடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்பு, ஒரு பெருமூச்சு. நான், நான், நான் என்று சொல்லச் சொல்லச் சொல் இனித்தது.

"அன்னிக்கு மழை," என்றது வாய். "விடாத மழை. ஆத்தா பக்கத்து லயத்துக்குப் போயிருந்துச்சு. லொறியில கல்லைக் கொட்டுற மாதிரி சத்தம். வெளக்கைத் தூக்கிட்டுக் கதவுக்கு வந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் எதுவுமே இல்ல. பொறவு வாய் நெறைய மண்ணு."

சிரிப்பு நின்றது.

இதைக் கந்தப்பன் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது.

இதைச் சொல்ல யாரும் திரும்பி வரவில்லை.

"கொஞ்சம் தண்ணீர்..." என்று சொல்லி மேடையிலிருந்து இறங்கினார். நாக்கில் கரகரவென்று ஏதோ இருந்தது. அதிபர் அறைக்குள் போய்க் கைக்குட்டையில் துப்பினார். செம்மண்.

மனைவிக்குப் போன் எடுத்தார். எதற்கென்று தெரியவில்லை. தன்னைத் தெரிந்த ஒரு குரல் வேண்டியிருந்தது.

"என்ன, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? இன்னிக்கு அழுதாங்களா இல்லையா?" என்றாள் விஜயலெட்சுமி. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கதையைக் கேட்டு வருகிறவள். மாமனாரின் கடைக் கல்லாவில் உட்கார்ந்தே வாழ்ந்தவளுக்கு அதன் பொய்யும் தெரியும்.

"புள்ள என்ன செய்யுது?"

"எந்தப் புள்ள?"

"நம்ம... புள்ள."

"தனுஜாவா? படிக்குறா. என்னங்க, பேச்சு ஒரு மாதிரியா இருக்கு? சின்னப் பையன் மாதிரி."

தனுஜா. பெயர் காதில் விழுந்தது, முகம் வரவில்லை. போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பதறாதே. நினைவுக்கு அவர் சொல்லித்தரும் வித்தை ஒன்று உண்டு. கண்ணை மூடு. பிறந்த வீட்டை நினை. ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நினைவை வை. தேவைப்படும்போது கதவைத் திற, எடுத்துக்கொள். ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை. அவருடைய வீடு அப்பாவின் கடைவீடு.

கண்ணை மூடினார்.

கடை முன்பலகை தெரிந்தது. உள்ளே போனார். பிஸ்கட் டின்கள் இருக்கிற அறையைத் திறந்தார். அங்கே கரிபிடித்த சுவர், மண் அடுப்பு, ஈரத் தரை. மூடிவிட்டு மேல்மாடிக்கு ஓடினார். அப்பாவின் அறை. திறந்தார். கரிபிடித்த சுவர், மண் அடுப்பு. கல்யாண அறை. மகள் பிறந்த ஆஸ்பத்திரி அறை. எதைத் திறந்தாலும் அதே ஒற்றை அறை.

கடைசி அறையில் யாரோ முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். தலையிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது.

"இது என் வீடு," என்றார் புவனேந்திரன்.

"லயத்துல பொறந்தேன்னு நீதான சொன்ன," என்றான் அவன், திரும்பாமல்.

"அது... பேச்சுக்கு."

"நல்லாத்தான் பேசுற." குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "எல்லாரும் என்னைய மறந்துட்டாங்க. ஆத்தாவும் நீயுந்தான் பாக்கி. நீ ஒவ்வொரு தடவ சொல்றப்பவும் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா எடம் கெடச்சுது. இப்ப எல்லா அறையும் என்னுது."

"என்ன வேணும் உனக்கு?"

"ஆத்தா கூப்புடுற நேரம். தெனம் கூப்புடுது. தெனம் கேக்குது. பதில் சொல்லத்தான் வாய் இல்ல."

கண்ணைத் திறந்தார். எதிரே யோகமலர் நின்றுகொண்டிருந்தார். கைக்குட்டையில் கிடந்த மண்ணை அவர் பார்த்துவிட்டார்.

"பெரியாயி வந்துகொண்டிருக்கிறா," என்றார் மெல்ல. "ஒலிபெருக்கியில கேட்டிட்டா. அந்தக் கையில இருக்கிற வடு, ஆட்டுக்குட்டி, எல்லாம் உங்கட வாயில வருகுதாம். ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ. அவன் பண்டாரவளைக் கடையொண்டில தங்கிப் படிச்சவனாம். நீங்கள் அந்தக் கடைக்காரன்ர மகனோ?"

புவனேந்திரன் தலையை ஆட்டினாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்ப ஒரு வேலை செய்யுங்கோ. மேடையில ஏறி, 'இது என்ர கதையில்லை, அவன்ர கதை, நான் பண்டாரவளைக் கடைக்காரன்ர மகன்' எண்டு உங்கட வாயால சொல்லிப்போடுங்கோ. அவ கூப்பிடுறதுக்கு முந்திச் சொல்லிப்போடுங்கோ. அவ்வளவுதான். உங்களுக்கு உங்கட பேர் திரும்பிக் கிடைக்கும் எண்டு நினைக்கிறன். சனம் அடிக்காது. கொஞ்சம் சிரிக்கும்."

"சிரிக்குமா?" என்றார் புவனேந்திரன்.

செத்தவனைக் கண்டபோதுகூட அவர் முகம் அப்படி வெளுக்கவில்லை.

மண்டபத்துக்குத் திரும்பியபோது வெளிச்சம் குறைந்திருந்தது. ஜன்னல் வழியாகப் பனி உள்ளே நுழைந்து விளக்குகளைச் சுற்றி நின்றது. கீழே லயங்களில் ஒவ்வொரு வாசலாக விளக்கு ஏறியது. ஒரு வானொலி நின்றது. இன்னொன்று நின்றது. ஒரு தாய் அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவது தெரிந்தது. யாரும் சொல்லாமலே கூட்டம் மௌனமானது.

அவர் மைக்கைப் பிடித்தார். சொல்லிவிடலாம். கடைக்காரன் மகன். பிஸ்கட் தின்றவன். ஒரே வசனம். அதற்குப் பிறகு பண்டாரவளைக் கடைத்தெருவில் எப்படி நடப்பது என்று யோசித்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பயல்கள் நின்று 'மறுபடி சொல்லு' என்று கத்துவார்கள். மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. சங்கத்து ஆள் மடியில் பொன்னாடையை விரித்துத் தயாராக வைத்திருந்தார்.

வாசலில் ஒரு உருவம் வந்து நின்றது. குள்ளமான கிழவி. தலையில் சாக்கு. கையில் காற்றுக்குப் பொத்திப் பிடித்த விளக்கு.

அவள் மேடையைப் பார்க்கவில்லை. எதிர்மலைத் தழும்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"கந்தப்பா..."



"கந்தப்பா... வெளக்கு வச்சாச்சு. வாடா சாமி."

யோகமலர் முன்வரிசையிலிருந்து உதட்டை மட்டும் அசைத்தார். சொல்லுங்கோ.

புவனேந்திரன் வாயைத் திறந்தார். 'இது என்...' என்று தொடங்கத்தான் திறந்தார். அத்தனை கண்களும் அவர் மேல் இருந்தன. சிரிக்கக் காத்திருக்கும் கண்கள் என்று அவருக்குத் தோன்றியது. உண்மையில் அவை பயந்த கண்கள். வாழ்நாளெல்லாம் பழகிய சொல் ஒன்று நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. அது முந்திக்கொண்டது.

"நான்தான்," என்றார் மைக்கில்.

மலை அதை வாங்கித் திருப்பிச் சொன்னது.

நான்தான்.

கிழவி மெதுவாகத் திரும்பினாள். விளக்கைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். நடுவயதான, சவரம் செய்த, மூக்குக்கண்ணாடி போட்ட முகம். அவள் முகத்தில் ஏமாற்றம் வந்தது, போனது.

"கேக்கல சாமி," என்றாள். "மறுபடி சொல்லு."

"நான்தான் ஆத்தா. பசிக்குது."

அது பதினேழு வயதுக் குரல். அதைச் சொன்னது புவனேந்திரன் இல்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் புவனேந்திரன் தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகு கோட்டைக் கழற்றி மேசையில் போட்டது, சப்பாத்தைக் கழற்றியது, மேடையிலிருந்து குதித்து இறங்கியது, கிழவியின் கையிலிருந்த விளக்கை வாங்கிக்கொண்டது. அவர் கூப்பிட முயன்றார். வாய் நிறைய மண். கூட்டம் விலகி வழிவிட்டது. யாரும் அவர் நின்ற இடத்தைப் பார்க்கவில்லை. பனி ஜன்னல் வழியாக வெளியேறியது. அதோடு அவரும் வெளியேறினார், எதிர்மலைப் பக்கமாக, இருட்டில், யாரோ காலைப் பிடித்து இழுக்கிற மாதிரி.

பொன்னாடை போர்த்தப்படாமலே மடிக்கப்பட்டது.

மறுநாள் காமில்தான் ஆளைப் பண்டாரவளையில் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் அந்த ஆள் முன்சீட்டில் உட்கார்ந்து, முழங்கால் வலிக்கு நொச்சி இலை வதக்கிக் கட்டச் சொன்னதாக அவன் பிறகு சொன்னான். வீட்டு வாசலில் வெறுங்காலோடு நின்று, உள்ளே வரலாமா என்று விஜயலெட்சுமியைக் கேட்டாராம்.

ஊர் பலமாதிரிப் பேசியது. பேச்சாளருக்கு மூளையில் அடி, இல்லை ஞானம், இல்லை நடிப்பு. கண்ணாடிக் கதவை விஜயலெட்சுமி மூடிவிட்டு மாமனாரின் சாமான்கடையை மறுபடி திறந்தாள். அவர் மூட்டை தூக்குகிறார். இரவில் முன்னறையில் பாய் போட்டுப் படுக்கிறார். அவளை 'நீங்க' என்றுதான் பேசுகிறார். தனுஜாவிடம் கணக்குப் பாடம் கேட்டு உட்காருகிறார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. 'நான் என்பதை விடு' என்று எழுதிவைத்தவர் கடைசியில் விட்டேவிட்டார் என்று கடைத்தெருவில் மெச்சிக்கொண்டார்கள். பழைய ஆளைத் தேடி யாரும் வரவில்லை. வகுப்புக்கு வந்தவர்கள்கூட இவரைத்தான் கடையில் வந்து பார்த்துவிட்டு, நிம்மதியாகப் போனார்கள்.

வைத்தியரிடம் கொண்டுபோகலாமே என்று உறவினர்கள் சொன்னார்கள். "போகலாம், போகலாம்," என்றாள் விஜயலெட்சுமி. போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஊத்துமலைக்குப் போவார். ஒருநாள் அவளும் கூடப் போனாள். பெரியாயி ரொட்டி சுட்டுச் சம்பல் அரைத்து வைத்திருந்தாள்.

"முகம் வேறன்னு எனக்குத் தெரியாமயா இருக்கு, தாயி," என்றாள் கிழவி, கேட்காமலே. "கொரல் அவனுது. அது போதும் எனக்கு. ஒனக்கு?"

விஜயலெட்சுமி இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டாள்.

வெளிச்சம் மங்கியது. பெரியாயி விளக்கை ஏற்றி மாடத்தில் வைத்தாள். இப்போது அவள் வாசலுக்குப் போய்க் கூப்பிடுவதில்லை. ஆனாலும் லயம் முழுவதும் ஒவ்வொரு சத்தமாக அணைந்தது. வானொலி நின்றது. பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் மட்டும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன?" என்று கேட்கப் போனாள். பெரியாயி அவள் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள்.

எதிர்மலையில், தேயிலை இல்லாத அந்தத் தழும்பிலிருந்து, மண்ணுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் வந்தது. கரகரத்த, நடுவயது ஆண் குரல். அவளுக்குப் பழக்கமான குரல்.

"விஜயலெட்சுமி..."

அவள் கையிலிருந்த ரொட்டி நின்றது.

"விஜயலெட்சுமி... நான்தான்... கேக்குதா?"

அந்தக் குரல் அவளை இத்தனை கெஞ்சலாகக் கூப்பிட்டதே கிடையாது. ஒரு வார்த்தை பதில் சொன்னால் போதும், பழைய ஆள் திரும்பிவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. கண் நிறைந்தது. எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முதல்முறையாகப் பயந்து பார்த்தார்.

குரல் மூன்றாவது முறையும் கூப்பிட்டது.

விஜயலெட்சுமி அவர் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்துவிட்டு, எழுந்து போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.